நெல்லியடியிலிருந்து ஒரு செய்தி

முன்பின் தெரியாத ஒருவருக்கு மெயில் எழுத வேண்டும். அவர் தன் வேலையைப் போட்டுவிட்டு எனக்குப் பதில் எழுத வேண்டும். மூன்று மாதம் இதுதான் என் உத்தியோகமாக இருந்தது. இதை வீட்டில் விளங்கப்படுத்த முடியவில்லை. அம்மா அயலட்டையில், "பிள்ளை கொம்பியூட்டரிலை கடிதம் எழுதுது" என்று சொல்லி வைத்திருந்தார். யாருக்கு என்று கேட்டவர்களுக்கு, "அது அதுக்கே தெரியாது" என்றார். அம்மா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

அதற்கு முன் ஆறு வருடம் பட்டத்தை வைத்துக்கொண்டு அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்தேன். காத்திருப்பதும் ஒரு முழுநேர வேலைதான், கதிரை மட்டும் தரமாட்டார்கள். இந்த மெயில் எழுதும் கந்தோரில் எனக்கு ஒரு கதிரை கிடைத்தது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, சப்பாத்துக் கடை ஒன்றின் மேல்மாடி. வெளிநாட்டில் சின்னச் சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். செய்வதற்கு மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் காதை அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டபடி செய்வார்கள். செய்யச் சொல்லிக் கேட்க ஆட்கள் வேண்டுமே, அதைப் பிடிப்பதற்கு நான்.

முதலாளி என்னைவிட நாலு வயது இளையவர். நான் அவரைச் சேர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். சேர்ந்த அன்றே விசயத்தைச் சொல்லிவிட்டார்.

"அக்கா, மூண்டு மாதம் பாப்பம். மூண்டாம் மாதக் கடைசி வெள்ளிக்குள்ளை ஒரு ஆள், ஒரேயொரு ஆள், போனிலை உங்களிட்டை ஓம் எண்டு சொல்லோணும். இல்லாட்டி இந்த மேசையை நான் எடுக்க வேண்டி வரும்."

மேசையை எடுத்தால் நான் கொழும்புக்குப் போக வேண்டும். வெள்ளவத்தையில் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி எனக்காக ஒரு வேலையும் பாதி அறையும் பார்த்து வைத்திருந்தாள். வேலை, முறைப்பாடு சொல்லுகிறவர்களின் போனை எடுத்து மன்னிப்புக் கேட்பது. பாதி அறை என்றால் ஒரு கட்டிலும் அரைவாசி யன்னலும். எனக்குப் போக விருப்பமில்லை. காலையில் நெல்லியடியில் பஸ் ஏறி, பின்னேரம் அதே பஸ்ஸில் இறங்கி, என் வீட்டுக் கிணற்றில் குளிக்க வேண்டும். வாழ்க்கையில் நான் கேட்டது இவ்வளவுதான். இதைப் பெரிய ஆசை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

முதலாளி இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்பு எடுத்திருந்தார். படிப்பித்தவர் மிக வெள்ளையான பல்லுடைய ஒரு வெளிநாட்டுக்காரர். அவர் சொன்னதை எல்லாம் முதலாளி எனக்குத் தமிழில் சொல்லித் தந்தார். சாரம் இதுதான்: மெயில் வாசிப்பவருக்கு விசயத்தைச் சொல்லிவிடக்கூடாது, ஆவலைக் கிளப்ப வேண்டும். தலைப்பில் ஏதோ ஒன்றைக் காட்டி, முக்கியமானதை மறைத்துவிட வேண்டும். மற்றதை மனிசரின் மனம் பார்த்துக்கொள்ளும்.

"கதவைக் கொஞ்சம் நீக்கி விடுறது மாதிரி அக்கா. ஆக்கள் தாங்களாய்த் தள்ளிப் பாப்பினம்."

எங்கள் ஊரில் கதவு நீக்கியிருந்தால் யாரும் தள்ளிப் பார்ப்பதில்லை. படலையில் நின்று சைக்கிள் மணியை அடிப்பார்கள். ஆனாலும் சம்பளம் தருபவர் சொல்லும்போது தலையாட்டுவதுதான் மரியாதை.

முதல் இரண்டு மாதமும் அவுஸ்திரேலியாவில் பல் வைத்தியர்களுக்கும் இங்கிலாந்தில் குழாய் திருத்துபவர்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதினேன். 'ஒரு சின்னக் கேள்வி' என்று தலைப்பிட்டேன். 'உங்களைப் பற்றி ஒன்று கவனித்தேன்' என்று தலைப்பிட்டேன். 'இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன்' என்றும் ஒருமுறை போட்டேன், யோசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாளுக்கு நாற்பது மெயில் போனது. எல்லாம் கிணற்றில் போட்ட கல். மெயிலை யாராவது திறந்தால் திரையில் பச்சைப் புள்ளி ஒன்று வரும்படி முதலாளி ஒரு மென்பொருள் போட்டிருந்தார். புள்ளியே இல்லாத அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து எனக்குக் கண் பூத்துவிட்டது.

இரண்டாம் மாதம் முடியும்போது ஒரு பல் வைத்தியரிடமிருந்து பதில் வந்தது. இனிமேல் தனக்கு எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தார். முதலாளி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பாத்தியளோ, பதில் போடத் துவங்கீட்டினம்" என்றார். மனிசன் நல்லவர். நல்லவர்களிடம் வேலை செய்வதில் உள்ள தொல்லை, கோபிக்கவும் முடியாது.

மூன்றாம் மாதம் நடுவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்னுடையது, இதைப் பிறகு நான் யார் தலையிலும் கட்டவில்லை. எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு ஊர்ச் சங்கம் வைப்பார்கள். சங்கம் வைத்தால் வருடாவருடம் ஒன்றுகூடல் வைப்பார்கள். ஒன்றுகூடல் வைத்தால் மலர் அடிப்பார்கள். அந்த மலரில் பத்துப் பக்கம் வாழ்த்துச் செய்தி, மீதி நூறு பக்கமும் விளம்பரம். பலசரக்குக் கடை, நகைக் கடை, வீடு விற்பவர், கணக்கு எழுதுபவர், எல்லாருடைய மெயில் விலாசமும் அதில் இருக்கும். எந்த ஊர் என்பது மலரின் அட்டையிலேயே இருக்கும். இதைவிட நல்ல பட்டியல் உலகத்தில் யாரிடமும் இல்லை என்று நினைத்தேன். எங்கள் ஊர் மலரிலிருந்தே தொடங்கினேன். சுவிஸ், பிரான்ஸ், லண்டன் என்று நாற்பது விலாசம் எடுத்தேன்.

தமிழில் எழுதினேன். இரண்டு மாதம் ஆங்கிலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியவளுக்குத் தமிழ் தண்ணீராக ஓடியது. 'வணக்கம். நான் நெல்லியடியில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கடை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உங்கள் கடைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர் இணையத்தில் தேடினால் அது கிடைக்கவில்லை. ஏன் என்று சொல்லட்டுமா?' அடியில் கந்தோரின் தொலைபேசி இலக்கம் போட்டேன். தலைப்புக்குத்தான் அரைநாள் எடுத்தேன். ஒன்றைக் காட்ட வேண்டும், முக்கியமானதை மறைக்க வேண்டும். கடைசியில் எழுதினேன்: 'நெல்லியடியிலிருந்து ஒரு செய்தி.'

முதலாளி பார்த்தார். "இதுதான் அக்கா. நானே திறப்பன்" என்றார். அங்கே ஆட்கள் நித்திரையால் எழும்பும்போது மெயில் மேலே இருக்க வேண்டும் என்று, எங்கள் நேரம் காலை ஆறு மணிக்குத் தானாகப் போகும்படி வைத்தார். அங்கே அது சாமம் கடந்த நேரம்.

இதை வாசிக்கும் எங்கள் ஊர்க்காரர் யாருக்காவது இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. ஏன் விளங்கவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தேன். நாங்கள் ஊரில் இருப்பவர்கள், செய்தியைச் சொல்லும் பக்கத்து ஆட்கள். யாராவது போய்விட்டால் கட்டிலடியில் நின்றுகொண்டே போனை எடுத்து வெளிநாட்டுக்கு அறிவிப்பவர்கள். அந்த மணி மற்றப் பக்கத்தில் எப்படிக் கேட்கும் என்று சொல்லும் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கந்தோரில் முதல் பச்சைப் புள்ளி வந்தது. பிறகு இரண்டு. பிறகு வரிசையாக. பத்து மணிக்கு நாற்பதில் முப்பத்தெட்டுப் பேர் திறந்துவிட்டார்கள். ஒருவர் பதினொரு தரம் திறந்திருந்தார். முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்துவிட்டார். எனக்குச் சத்தியமாக நெஞ்சு நிறைந்திருந்தது. வெள்ளவத்தைக் கட்டிலை மனத்தில் மடித்து வைத்தேன்.

பத்தரைக்கு அம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, பின் ஒழுங்கையிலை ஒரு செத்தவீடு. நான் போட்டு வாறன். கறி அடுப்படியிலை மூடி வச்சிருக்கு."

"ஆரம்மா?"

"அந்தச் சுவிஸ்காரன்ரை தாய். விடியப் பூப்புடுங்கப் போகேக்கை கண்டனான், நல்லாத்தான் நிண்டவ. இதுதான் மனிசற்ரை சீவியம்."

எனக்கு அவரை முகம் தெரியும். பாவம் என்று நினைத்துக்கொண்டு மீண்டும் புள்ளிகளைப் பார்த்தேன். அவருடைய மகன் என் பட்டியலில் பதினாலாவது ஆள் என்பது அப்போதும் எனக்கு ஓடவில்லை. புத்தி சில நேரம் இப்படித்தான், வேண்டிய நேரத்தில் லீவில் போய்விடும்.

பதினொரு மணிக்குக் கந்தோர் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"உங்கடை செய்தி எண்டது உதுதானோ?" ஆண் குரல். நடுங்கியது.

வணக்கம் சொன்னேன்.

"வணக்கத்தை வையுங்கோ. நான் வேலைக்குக் கார் ஓடிக்கொண்டு போறன், போனிலை கிடக்குது, நெல்லியடியிலிருந்து ஒரு செய்தி எண்டு. விடியப்புறம் ஊரிலையிருந்து என்ன செய்தி வரும்? நீங்களே சொல்லுங்கோ, என்ன செய்தி வரும்?"

அந்த ஒரு கணத்தில் எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

அவர் காரை வீதியோரம் நிறுத்தியிருக்கிறார். மெயிலைத் திறக்கக் கை வரவில்லை. தன் தாய்க்குப் போன் எடுத்திருக்கிறார். தாய் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்கு எடுத்து, "அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறார், அழுதுகொண்டு. பக்கத்து வீட்டார் ஓடிப்போய்ப் பார்த்தால் படலை பூட்டு, கூப்பிட்டால் சத்தம் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் மகன் அழுகிறான், தாய் கதவு திறக்கவில்லை. இதற்கு மேல் ஒழுங்கைக்கு என்ன சாட்சி வேண்டும்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். யாரோ சனசமூக நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் கதிரைகளை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கள் சனசமூக நிலையம் ஒரு விளக்கு மாற்ற ஒரு வருடம் எடுக்கும். செத்தவீட்டுக்குக் கதிரை மட்டும் கால் மணித்தியாலத்தில் வரும்.

"அம்மா கோயிலாலை வந்து பாத்தால் வீட்டு வளவுக்குள்ளை சனம். அம்மா ஆர் செத்தது எண்டு கேட்டிருக்கிறா. ஒருத்தி அம்மாவைக் கண்டு மயங்கி விழுந்திட்டா. உங்களுக்கு உது விளையாட்டோ?"

"மன்னிக்க வேணும்" என்றேன். எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. பிறகு அவர் குரல் மாறியது. "நான் அம்மாவோடை கதைச்சு நாலு மாதம்" என்றார். அதை எனக்குத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. வைத்துவிட்டார்.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் நாடியைத் தடவினார்.

"நாங்கள் சாவெண்டு எழுதேல்லையே அக்கா."

"இல்லை சேர். அவை அப்பிடித்தான் வாசிச்சிருக்கினம். முப்பத்தெட்டுப் பேரும்."

"ஆனால் திறந்திருக்கினம்."

"ஓம். திறந்திருக்கினம்."

"கொழும்புத்துறைச் சங்கத்தின்ரை மலரும் என்னட்டை இருக்கு" என்றார். "தென்மராட்சி ஊர்கள் ஒரு ஏழெட்டு இருக்கு. ஊரை மாத்தி மாத்திப் போட்டால்..." அவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்காததை நான் அவருடைய நல்ல குணத்தில் சேர்த்துக்கொள்கிறேன். வந்து அதைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை இருந்தேன். பிறகு அந்த நாற்பது பேருக்கும் இன்னொரு மெயில் எழுதினேன். முதல் மெயில் போய் மூன்று நாளைக்குள் இரண்டாவது அனுப்பக்கூடாது என்பது வெள்ளைப் பல்லரின் சட்டம். ஆவல் ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டுமாம். எனக்கு அந்த ஆவல் ஒரு நிமிடம்கூட ஊறக்கூடாது. தலைப்பு: 'ஊரில் எல்லாரும் சுகம்.' உள்ளே நாலு வரி. 'காலையில் வந்தது ஒரு விளம்பரம். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. தலைப்பு வைத்தது நான், பிழை என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.' மறைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அனுப்பினேன். செய்த வெட்கக்கேட்டுக்கு அது போதாது என்று தெரியும்.

அம்மா மீண்டும் போன் எடுத்தார். "செத்தவீடு இல்லையாம்" என்றார். "செத்தவவே தேத்தண்ணி போட்டுத் தந்தவ. சீனி கூடிப்போச்சு."

முதலாளி சாப்பிட்டுவிட்டு வரும்போது பத்தொன்பது பதில் வந்திருந்தது. மூன்று மாதத்தில் ஒரு பதிலைக் கண்ட எங்களுக்குப் பத்தொன்பது. அவர் நின்றபடியே வாசித்தார். இரண்டு பேர் நன்றாக ஏசியிருந்தார்கள். ஒருவர், எல்லாரும் சுகம் என்றால் யார் யார் என்று விபரம் கேட்டிருந்தார். ஒருவர் சந்தைப் பக்கத்து வீதியைக் கொத்திப் போட்டபடியே விட்டிருக்கிறார்களா என்று கேட்டார். ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: 'நீங்கள் ஆரின்ரை மகள்?' அந்தப் பயிற்சி வகுப்பு சொன்ன ஆவல் முழுவதும் கிளம்பித்தான் இருந்தது. இணையத்தளத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் இருக்கவில்லை.

கடைசியாக ஒரு பதில். லண்டன் பக்கத்தில் பலசரக்குக் கடை என்று மலரில் விளம்பரம் போட்டிருந்த ஒரு பெண்மணி. பச்சைப் புள்ளித் திரையில் பார்த்தேன், பதினொரு தரம் திறந்தவர் அவர்தான். எழுதியிருந்தார்: 'சுகமாய் இருக்க ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை. என்றாலும் சொன்னதற்கு நன்றி.' அடியில் தன் தொலைபேசி இலக்கம்.

"நம்பர் தந்திருக்கிறா" என்றார் முதலாளி மெதுவாக. "அக்கா, நம்பர் தந்திருக்கிறா."

மறுநாள் மூன்றாம் மாதக் கடைசி வெள்ளி. பின்னேரம் மூன்று மணிக்கு, அவருக்குக் காலைத் தேநீர் நேரம் என்று கணக்குப் பார்த்து, போன் எடுத்தேன். முதலாளி கண்ணாடித் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். காதை அடைத்திருந்த மூன்று பேரும் அன்று காதைத் திறந்திருந்தார்கள்.

நான் யார் என்று சொன்னேன். யாருடைய மகள் என்று கேட்டார், அதையும் சொன்னேன். அம்மாவின் தாய்வழியில் ஒருவரைத் தெரியும் என்றார். அவரும் போய்விட்டார் என்றேன். "ஓம், ஓம்" என்றார், எதிர்பார்த்ததுபோல.

"அன்ரி, உங்களைப் பயப்படுத்தினதுக்கு வாயாலை மன்னிப்புக் கேக்கத்தான் எடுத்தனான்" என்றேன். அதில் பாதி உண்மை.

"நான் பயப்பிடேல்லைப் பிள்ளை. அதுதான் விசயம். தலைப்பைக் கண்டிட்டு, ஆர் எண்டு யோசிச்சன். அம்மா போய் எட்டு வருசம். இவர் போய் மூண்டு வருசம். அண்ணை போன வருசம். பிள்ளையளும் இல்லை. கட்டிலிலை இருந்து ஒவ்வொரு வீடாய் நினைச்சுப் பாத்தன். எனக்கு ஒரு பேரும் வரேல்லை. திறந்து பாத்தன், உள்ளை கடையைப் பற்றிக் கிடக்கு. பேரை நான்தான் விட்டிட்டனோ எண்டு திருப்பித் திருப்பித் திறந்தன்."

மலரில் அவருடைய கடை விளம்பரப் பக்கத்தைத் திருப்பினேன்.

"பயப்பிடுறதுக்கும் ஒரு ஆள் வேணும் பிள்ளை" என்றார். அழவில்லை. கடையில் மா முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கியது. தட்டிக்கு அந்தப் பக்கம் முதலாளி பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு அவர் கேட்டார்: "நீங்கள் என்ன விக்கிறியள்?"

மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள். கேட்டவுடன் வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது. கடைக்கு இணையத்தளம் செய்வோம், படம் போடுவோம், மாதாமாதம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அறிக்கை அனுப்புவோம்.

"கடையை நான் வித்து, போன மாரியோடை இரண்டு வருசம்" என்றார். "மலரிலை விளம்பரம் சும்மா போட்டது. சங்கம் கேக்கேக்கை இல்லை எண்டு சொல்லக் கூடாது."

"ஓ" என்றேன்.

"எண்டாலும் பறவாயில்லை. செய்யுங்கோ. அந்த அறிக்கை மாதாமாதம் வருமோ?"

"வரும்."

"ஆர் எழுதிறது?"

"நான்தான்."

"அப்ப ஓம். எனக்கு ஒண்டு செய்யுங்கோ."

ஓம் என்று சொல்லிவிட்டார். போனில், என்னிடம், கடைசி வெள்ளிக்குள். முதலாளி கேட்ட அத்தனையும் அதில் இருந்தது. தட்டியைப் பார்த்தேன், நாலு முகம். வீட்டுக் கிணறு நினைவு வந்தது, அதை மறைக்க மாட்டேன். இல்லாத கடைக்கு ஒரு இணையத்தளம் செய்து, ஒருவரும் பார்க்காத அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மாதாமாதம் இந்த மனிசிக்கு எழுதலாம். அவருக்கு அது பிடித்தும் இருக்கும். யாருக்கும் நட்டம் இல்லை என்று சொல்லவும் நல்ல வாய்கள் உண்டு. ஆனால் முந்தின நாள்தான் ஒரு மனிசனை வீதியோரம் நிறுத்தி அழவைத்திருந்தேன். இன்னொரு வீட்டுக் கதவை நீக்கி வைத்துவிட்டு நான் ஒளிந்து நிற்க என்னால் ஏலவில்லை.

"வேண்டாம் அன்ரி" என்றேன். "உங்களுக்கு அது தேவையில்லை."

"ஏன் பிள்ளை, நான் ஓம் எண்டிட்டன்தானே?"

"மெயில்தானே வேணும். அதுக்கு வெப்சைற் தேவையில்லை. நான் சும்மா எழுதுவன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை" என்றார். கோபம் இல்லை. பிறகு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தார்.

முதலாளி தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, பேச்சு முழுவதும் கேட்டிருந்தது.

"அக்கா, அவ ஓம் எண்டவ."

"ஓம் சேர்."

"பிறகேன்?"

"அவவுக்குக் கடை இல்லை சேர்."

அவர் இதை நேர்மையாக யோசித்தார். "கடை இல்லாட்டி என்ன, வெப்சைற் இருக்கும்தானே" என்றார். பிறகு அவருக்கே அது ஒரு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். யன்னலால் வெளியே பார்த்தார். மேசையை எடுக்கும் கதையை அன்று அவர் தொடங்கவில்லை, நான்தான் தொடங்கினேன். கொழும்புத்துறை மலரை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார், அதில் உள்ளவர்களுக்கு அனுப்பமாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு நல்லதாக ஒரு சேவைக் கடிதம் தந்தார். அதில் நான் வாடிக்கையாளரைக் கவர்வதில் வல்லவள் என்று இருந்தது.

அடுத்த கிழமை ரயில் ஏறினேன். அம்மா படலையடியில் நின்று, "அங்கையும் கடிதம்தான் எழுதுறியோ?" என்று கேட்டார். இல்லை, போன் என்றேன். "அது நல்லது, ஆரோடை கதைக்கிறாய் எண்டாவது தெரியும்" என்றார்.

வெள்ளவத்தை நான் பயந்த அளவுக்கு இல்லை என்று எழுதினால் வாசிப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். பயந்த அளவுக்குத்தான் இருந்தது. பகல் முழுவதும் போனில் மன்னிப்புக் கேட்டேன். குளிக்க வாளியில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். ஊருக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் சாப்பாட்டு நேரங்களில் வரும். அந்த அன்ரிக்கு எழுதுவேன் என்று சொன்னது அடிக்கடி நினைவு வரும், நாளைக்கு என்று விடுவேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுகிறவர்கள் என்று அவர் சொன்னது சரியாகிக்கொண்டு வந்தது. அதை நினைக்க எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம் எழுதினேன். தங்கை வெளியே போயிருந்தாள், அறை முழுதாக என்னுடையதாக இருந்தது. தலைப்பு என்ன போடுவதென்று தெரியவில்லை. மூன்று மாதம் தலைப்புப் போட்டே வயிறு வளர்த்தவள். செய்தி என்று ஒன்றும் இல்லை. உடுப்புத் தோய்த்தேன், பருப்புக் கறி வைத்தேன், மழை வரும்போல இருந்தது. கடைசியில் 'சும்மா' என்று தலைப்புப் போட்டேன். 'அன்ரி, நான் இப்போது கொழும்பில் இருக்கிறேன். விசேஷம் ஒன்றும் இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று எழுதி, இம்முறை என் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைப் போட்டு அனுப்பினேன். போனைக் கட்டிலில் போட்டுவிட்டு உடுப்பு மடிக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது சட்டை மடித்து முடியவில்லை, போன் அடித்தது. லண்டன் இலக்கம். எடுத்தேன். அங்கே மூச்சு வாங்குவது கேட்டது.

"பிள்ளை, உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை அன்ரி. ஏன்? சும்மா எண்டுதானே தலைப்பிலை போட்டனான்."

"ஓம், கண்டனான். உள்ளை நம்பரை மட்டும் பாத்திட்டு எடுத்தனான். உங்கடை பேரைக் கண்டிட்டுத் திறக்கப் பயமாய்க் கிடந்தது."

நான் மடித்த உடுப்பின்மேலேயே இருந்துவிட்டேன். எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், எனக்கு ஒன்றும் இல்லை என்று அவருக்கு இன்னொரு தரம் சொன்னேன்.